நாலு மணிக் குளிசை

யுத்த காலத்தில் வெள்ளவத்தையில் ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் பதினொரு வருஷம் வேலை செய்தேன். காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் முன்னறையும் அதற்குப் பின்னால் இருந்த சின்ன அறையும்தான் டிஸ்பென்சரி. பின்னறையில் டொக்டர். முன்னறையில் ஆட்கள் இருக்க இரண்டு வாங்கு, ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நான். மேசையின் மேல் அட்டைப் பெட்டி.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. படிப்பு சாதாரண தரத்தோடு நின்றுவிட்டது. ஆட்களோடு கதைக்க எனக்கு அப்போதும் வராது, இப்போதும் வராது. பஸ்ஸில் இறங்குவதற்குச் சிங்களத்தில் "பஹினவா" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, அடுத்த தரிப்பில் யாராவது இறங்கும்வரை இருந்துவிட்டுத் திரும்பி நடந்து வந்த நாட்கள் எத்தனையோ. வேலை கேட்டுப் போன அன்று டொக்டர் கேட்டதற்கெல்லாம் தலையைத்தான் ஆட்டினேன். வேறு இரண்டு பிள்ளைகளும் வந்திருந்தார்கள். நன்றாகக் கதைத்தார்கள். டொக்டர் என்னைத்தான் எடுத்தார்.

"அந்தப் பிள்ளையள் கெட்டிக்காரியள். ஆனா எனக்குக் கதையாத பிள்ளைதான் வேணும்" என்றார்.

பெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னால் நிற்கும். அதனால் அட்டைகளும் தகப்பன் பெயரில்தான் அடுக்கப்பட்டிருந்தன. ஒரு தகப்பனின் பெயருக்குக் கீழே அவர், மனைவி, பிள்ளைகள் எல்லாருடைய அட்டைகளையும் சேர்த்து ஒரு இறப்பர் வளையம் போட்டிருக்கும். யார் வந்தாலும் அந்தப் பெயரைச் சொன்னால் கட்டு முழுவதையும் எடுத்துக் கொடுப்பேன். முறை வந்ததும் அவர்களே அதைக் கொண்டு உள்ளே போவார்கள். அந்தத் தகப்பன் யாழ்ப்பாணத்தில் வீட்டுக்குக் காவலாக நின்றிருப்பார், அல்லது வெளிநாட்டில் இருப்பார். சிலர் உயிரோடு இல்லை. ஆனாலும் பெட்டியில் அவர்கள் பெயர்தான் குடும்பத்தைத் தூக்கி வரும்.

இருபத்தெட்டு வயது மகனுக்குத் தோலில் ஏதோ வருத்தம் என்றால் தாய் உள்ளே போய்ச் சொல்லி மருந்து வாங்கி வருவார். மகன் வாங்கில் இருந்து பேப்பர் வாசிப்பான். அதை யாரும் குறையாக நினைக்கவில்லை. அந்த நாட்களில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத் துண்டு, பாஸ்போட், மருந்துத் துண்டு எல்லாம் அதற்குள் இருக்கும். பை தாயிடம் இருக்கும். யாராவது கதவைத் தட்டினால் முதலில் நீட்ட வேண்டியது அதுதான். பிள்ளைக்கு வயது எத்தனையானாலும் அவனுடைய கடதாசிகள் தாயின் பைக்குள்தான்.

இப்படிப்பட்ட ஒரு தாயும் மகளும் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மேல்மாடி அறையில் வாடகைக்கு இருந்தார்கள். தகப்பன் ஊரில். மூத்த மகன் கனடாவில். அவன் கூப்பிடுவதற்காகத்தான் இவர்கள் கொழும்பில் காத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக இன்னொரு மகன் இருந்தான். பதினேழு வயதில் ஒரு நாள் காலையில் ரியூஷனுக்கு என்று போனவன், திரும்பி வரவில்லை. இயக்கத்துக்குப் போய்விட்டான் என்று பிறகு தெரிந்ததாம். அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. தாய்க்குப் பிறசர். மாதத்துக்கு ஒரு தடவை வருவார். மேசைக்கு முன்னால் நின்று புருஷனின் பெயரைச் சொல்லும்போது சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வார்.

மகளுக்கு இருபத்தொரு வயது. கணக்கியல் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஒரு பின்னேரம் தனியாக வந்தாள். தன் முறை வந்தபோதும் எழும்பவில்லை. எல்லாரையும் போகவிட்டுவிட்டுக் கடைசியாக என் மேசைக்கு வந்தாள்.

"அக்கா, எனக்குப் புதுசா ஒரு அட்டை எழுதுவீங்களோ? அம்மான்ரையோட வைக்காதேங்கோ."

நான் எழுதினேன்.

"அம்மா கேட்டா?"

"சொல்ல மாட்டன்" என்றேன். வீட்டு ஆட்களைத் தவிர வேறொருவருக்கு நான் கொடுத்த முதல் வாக்கு அதுவாகத்தான் இருக்கும்.

அவளுக்கு நித்திரை இல்லை. சாப்பாடு இறங்குவதில்லை. தம்பி போன நாளிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்து, இப்போது ஒரேயடியாக மனம் இருண்டு போயிருந்தது. கடற்கரை ரயில் பாதையைக் கடந்து போகும்போது தன்னைப் பார்க்கத் தனக்கே பயமாக இருக்கிறது என்று டொக்டரிடம் சொல்லியிருக்கிறாள். அன்று அவள் போன பிறகு டொக்டர் என்னைக் கூப்பிட்டு ஒரு சின்னப் போத்தலைத் தந்தார்.

"இது உன்ர மேசை லாச்சியில இருக்கட்டும். ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு வகுப்பு முடிஞ்சு வருவா. ஒரு குளிசை, ஒரு கிளாஸ் தண்ணி. நீ பாத்துக்கொண்டிருக்க அவ போட வேணும்."

வீட்டுக்குக் கொடுத்தனுப்ப முடியாது. அலுமாரியைத் தாய் திறப்பார். கைப்பையைச் சோதனைச் சாவடியில் திறப்பார்கள். அதோடு, முழுப் போத்தலையும் அவள் கையில் கொடுக்க டொக்டருக்கும் மனமில்லை.

"தாய்க்குச் சொல்ல வேண்டாமா டொக்டர்?" என்று கேட்டேன். நானாக அவரிடம் ஒரு கேள்வி கேட்டது அபூர்வம்.

"அவவிட்டையே சொல்லிப்போட்டன். ஒரு நாள் நாலு மணிக்கு வராட்டில், நாலரைக்கு நான் தாயிட்டைப் போவன் எண்டு. ஓம் எண்டவ. வாறவரைக்கும் இது அவவின்ர விஷயம்."

அவள் வந்தாள். மழையிலும் வந்தாள். குளிசையைப் போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் வாங்கில் இருப்பாள். ஒரு நாள் சொன்னாள்: "அம்மாவுக்குத் தெரிஞ்சா, இதுவும் தன்னாலதான் எண்டு அழுவா, அக்கா. அவவுக்குத் தம்பியை நினைச்சு அழுறதே காணும், போதும். மற்ற ஆக்களுக்குத் தெரிஞ்சா விசர்க் குளிசை எண்டுவினம். அண்ணா அங்க ஒரு கலியாண இடம் வேற பேசிக்கொண்டிருக்கிறார்."

இரண்டு மாதத்தில் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. ஒரு நாள் ரோல்ஸ் ஒன்றைக் கடித்துக்கொண்டே வந்தாள். எனக்கு அதைப் பார்க்க என்னவோ பரீட்சை பாஸான மாதிரி இருந்தது.

பிழை விட்டது நான்தான்.

அவளுடைய அட்டையை வைக்க அந்தப் பெட்டியில் தகப்பன் பெயரைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை. கட்டுக்குப் பின்னால், வளையத்துக்கு வெளியே, தனியாக வைத்திருந்தேன். ஒரு பின்னேரம் பெட்டியைத் தூசி தட்டியபோது, தனியாக நின்ற அட்டைகளை எல்லாம் அவரவர் கட்டுக்குள் செருகி வளையம் போட்டேன். யோசித்துச் செய்யவில்லை. கைப்பழக்கம்.

அடுத்த நாள் விடியவே எங்கள் பக்கத்து ஒழுங்கைகளைச் சுற்றிவளைத்து வீடு வீடாகச் சோதனை. நான் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து சேரப் பத்து மணியாகிவிட்டது. சோதனை முடிந்ததும் பிறசர்காரர், நெஞ்சு படபடப்புக்காரர் எல்லாரும் ஒன்றாக வந்து இறங்கியிருந்தார்கள். அந்தத் தாயும் வந்திருந்தார். பெயரைச் சொன்னார். கட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் மேசையில் ஒரு நிழல் விழுந்தது. தாய் நின்றார். மகளின் அட்டை அவர் கையில். திகதிகளின் மேல் விரலை வைத்திருந்தார்.

"இவள் இஞ்ச வந்தவளோ? இத்தனை தரம்?"

திகதி மட்டும்தான் அவருக்கு விளங்கியது. மிச்சமெல்லாம் டொக்டரின் எழுத்து. அவர் குனிந்து, வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்காமல் கேட்டார்:

"பிள்ளை, எனக்கு ஒண்டை மட்டும் சொல்லு. வீட்டில சாப்பிடுறாளில்லை. சோறு மணந்தால் ஓங்காளிக்கிறாள். முகம் குடுத்துக் கதைக்கிறாளில்லை. இவள் பிள்ளைத்தாச்சியோ?"

இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு எனக்கு அந்த நேரம் மூளை ஓடவில்லை. வழக்கம்போல வாய் ஒட்டிக்கொண்டது. அந்த மௌனத்தை அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். அவருடைய முகத்தில் அதைப் பார்த்தேன்.

வாங்கின் ஓரத்தில் ஒரு ஐயா இருந்தார். வாரத்துக்கு மூன்று நாள் வருத்தமில்லாமலே வருபவர். அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. தாய் அட்டையை உற்றுப் பார்ப்பது மட்டும் கண்ணில் பட்டிருக்கிறது.

"என்ன தங்கச்சி, எழுத்து விளங்கேல்லையோ? கோழி கிண்டினது மாதிரியெல்லோ எழுதுறார். உதை எழுதினவருக்கே விளங்காது. பாமசியில காட்டுங்கோ, அவங்கள் வாசிப்பாங்கள்."

இரண்டு பேர் சிரித்தார்கள். தாய் சிரிக்கவில்லை. அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, டொக்டரைப் பார்க்காமலே வெளியே இறங்கினார்.

நான் எழும்பினேன். வேலை நேரத்தில் அந்த மேசையை விட்டு நான் வெளியே போனதே கிடையாது.

"பிள்ளை, என்ர நம்பரைச் சொல்லிப்போட்டுப் போவன்!" என்று ஐயா பின்னால் கத்தினார்.

ஒழுங்கை முனையில் பாமசி. தினமும் நான் மருந்துக்குப் போகும் கடைதான். நான் மூச்சு வாங்க ஏறியபோது கடைக்கார நானா, ஒரு முஸ்லிம் மனிதர், அட்டையைக் கையில் வாங்கி மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டிருந்தார். கடையில் நாலைந்து பேர்.

"நானா, அதை வாசிக்க வேணாம்!"

அது என் குரல்தான் என்று நம்ப எனக்கே நேரம் எடுத்தது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நானா என்னைப் பார்த்தார். தாயைப் பார்த்தார். அட்டையை இன்னொரு தடவை பார்த்தார். அந்த எழுத்தை வருஷக்கணக்காக, நாளுக்கு முப்பது தடவை வாசிக்கும் மனிதர் அவர்.

"இந்த எழுத்து எனக்கு வெளங்கல்ல, தங்கச்சி. டொக்டர்கிட்டயே கேளுங்க" என்று சொல்லி அட்டையைக் கவிழ்த்துத் தாயின் பக்கம் தள்ளினார்.

நானும் தாயும் வெளியே வந்தோம். முனையில் காலையில் போட்ட சாவடி இன்னும் எடுபடவில்லை. பொம்பிளைப் பொலிஸ் ஒருத்தி தாயின் பையைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். அந்த அட்டையையும் எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பினாள். "மே மொகத?" என்றாள், இது என்ன என்று. "பெஹெத் காட்" என்றேன். மருந்து அட்டை. திரும்ப உள்ளே போட்டாள். தாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஒழுங்கைக்குள் நடக்கும்போதுதான் எனக்கு வாய் திறந்தது.

"அன்ரி, நீங்க நினைக்கிறது இல்ல. சத்தியமா இல்ல. அதுக்கு மேல என்னட்டக் கேக்காதீங்க."

அவர் நின்றார். பக்கத்து மதிலில் கையை ஊன்றிக்கொண்டார். கண்களை மூடி எந்தச் சாமியையோ கூப்பிட்டார். பிறகு கண்ணைத் திறந்தார். இப்போது அதில் வேறு பயம்.

"அப்ப என்ன வருத்தம்? பெத்தவளுக்குத் தெரியக்கூடாத வருத்தமும் இருக்கோ?"

அவர் மதிலிலிருந்து கையை எடுத்து என் பக்கம் திரும்பினார்.

"உனக்குப் பிள்ளை இல்லை. உனக்கு விளங்காது. அவன் போற அண்டைக்கு விடிய, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கோப்பையைக் கழுவி வைச்சவன். ஒரு நாளும் கழுவாதவன். நான் பாத்தனான். கேக்கேல்லை. பொடியன் வளந்திட்டான், கேட்டால் எரிஞ்சு விழுவான் எண்டு விட்டனான். ஒருத்தன்ர மனசில என்ன கிடக்கெண்டு தெரியாமல் விட்டிட்டு இருக்கிறன். இவளையும் விடச் சொல்லுறியோ?"

அவர் கேட்டது நியாயம். மகள் கேட்டதும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெட்டியை அடுக்கியவள் நான்.

டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கொண்டு போய் டொக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. "உன்ர பிழை இல்லை எண்டு சொல்ல மாட்டன். பிழைதான்" என்றார். பிறகு தாயை இருத்தி, பிறசர் பார்த்து, தண்ணீர் குடிக்கச் சொன்னார்.

"மகளுக்கு இருபத்தொரு வயசு. வாக்குப் போட உரிமை இருக்கு. பொலிசில பதியேக்க தனி ஆளாத்தான் பதியினம். இந்த அட்டையில மட்டும் ஏன் உங்கட பிள்ளையா இருக்க வேணும்?"

"அவளுக்கு உயிராபத்து ஏதும் இருக்கோ, டொக்டர்? அதையாவது சொல்லுங்கோ."

டொக்டர் யோசித்தார். "உங்களிட்டை வந்து சொல்ல வேண்டி வந்தால், எப்ப வருவன் எண்டு அவவிட்டைச் சொல்லியிருக்கிறன். இதுவரைக்கும் வர வேண்டி வரேல்லை. நாலு மணிக்கு வருவா. விருப்பமெண்டால் இருந்து பாருங்கோ. ஆனால் ஒண்டும் கேக்காதேங்கோ. அவ சொன்னால் கேளுங்கோ."

தாய் வாங்கில் இருந்தார். மதியம் டொக்டர் வீட்டுக்குப் போய் வந்தார். தாய் இருந்தார். என்னுடைய சாப்பாட்டுப் பார்சலில் பாதியை நீட்டினேன். வேண்டாம் என்றார். இருந்த இடம் மாறவில்லை.

எனக்கிருந்த பயம் ஒன்றே ஒன்றுதான். கதவில் தாயைக் கண்டதும் அவள் திரும்பிப் போய்விட்டால்? இனிமேல் வராமலே விட்டால்? ஒழுங்கையின் அடியில் ரயில் போகும் சத்தம் கேட்கும் ஒவ்வொரு தடவையும் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

நாலுக்கு ஐந்து நிமிஷம் இருக்க, வாசலுக்கு வெளியே போய் நின்றேன். அவள் கொப்பிகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா உள்ள இருக்கிறா. அட்டையைக் கண்டிட்டா. என்ன வருத்தமெண்டு தெரியாது. நான்தான் கட்டுக்குள்ள வைச்சிட்டன். என்ர பிழை."

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. கோபமென்றால் தாங்கியிருப்பேன்.

"நீங்களுமோ, அக்கா?" என்றாள்.

கொஞ்ச நேரம் ஒழுங்கையின் அடிப்பக்கம், கடல் தெரியும் பக்கம் பார்த்தாள். நான் அவளுடைய கொப்பிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். ஏன் பிடித்தேன் என்று தெரியாது. கையைப் பிடிக்க எனக்குக் கூச்சமாக இருந்திருக்கலாம். அவள் இழுக்கவில்லை. பிறகு என்னைத் தாண்டி உள்ளே போனாள்.

தாயைப் பார்க்கவில்லை. நேரே என் மேசைக்குப் போனாள். நான் லாச்சியைத் திறந்தேன். போத்தலிலிருந்து ஒரு குளிசையை அவள் உள்ளங்கையில் போட்டேன். கிளாஸில் தண்ணீர் ஊற்றினேன். அவள் தாயின் பக்கம் திரும்பி நின்றாள். அவர் பார்க்கும்படியாக வாயில் போட்டு விழுங்கினாள்.

தாய் எழும்பிவிட்டார். உதடு அசைந்தது. என்ன கேட்கப்போகிறாரோ என்று நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"வெறும் வயித்திலயோ போடுறனி?" என்றார்.

மகள் கிளாஸை வைத்தாள். "இல்லை. மத்தியானம் சாப்பிட்டனான்."

"என்ன சாப்பிட்டனி?"

"பணிஸ்."

"பணிஸ் ஒரு சாப்பாடோ?"

அவ்வளவுதான். மகள் வாங்கில் போய், தாய் இருந்த இடத்திலிருந்து ஒரு ஆள் இடம் விட்டு இருந்தாள். தாயும் இருந்தார். ஐந்து நிமிஷம் வழக்கம்போலப் போனது. பிறகு இரண்டு பேரும் எழும்பிப் போனார்கள். தாய் போகும்போது பையிலிருந்து அட்டையை எடுத்து மேசையில் வைத்தார், எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி.

அடுத்த நாளிலிருந்து நாலு மணிக்கு மகளின் கையில் ஒரு சின்னச் சாப்பாட்டுப் பெட்டி இருந்தது. குளிசைக்கு முன்னால் அதைத் திறந்து சாப்பிடுவாள். சில நாட்களில் தாய் ஒழுங்கை முனைவரை வந்து நிற்பார். உள்ளே வரமாட்டார். மகள் என்னோடு மூன்று கிழமை கதைக்கவில்லை. கையை நீட்டுவாள், நான் குளிசையைப் போடுவேன். நாலாவது கிழமை, "அக்கா, இதில ஒரு இடியப்பம் எடுங்கோ, எனக்கு இது கூடிப்போச்சு" என்றாள்.

நான் டொக்டரிடம் கேட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருவதற்கு முன் தனியாக வந்திருந்து பெட்டியை மாற்றி அடுக்கினேன். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களின் அட்டைகளைக் கட்டிலிருந்து பிரித்து, அவரவர் சொந்தப் பெயரில் வைத்தேன். தாய்மார் விடவில்லை. "என்ர பிள்ளையின்ர துண்டு எனக்குத் தராமல் வேற ஆருக்குத் தரப்போறாய்?" என்று ஒருவர். "இந்தப் பிள்ளைக்கு இப்ப வாய் வந்திட்டுது" என்று இன்னொருவர். அந்த ஐயா பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப இனித் தகப்பன்மாருக்கு இதுக்குள்ளயும் இடமில்லை" என்றார். "அட்டைக்காரரையே வந்து கேக்கச் சொல்லுங்க" என்று மட்டும் எல்லாருக்கும் சொன்னேன். அந்த ஒரு வசனம் எனக்குப் பாடமாகிவிட்டது.

அடுத்த வருஷம் அவர்களுக்கு விசா வந்தது. மகள் அதற்கு முன்பே குளிசையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தியிருந்தாள். போவதற்கு முன், அங்கே காட்டுவதற்காகத் தன் அட்டையைத் தானே வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்துத் தாய் வந்தார். புருஷனின் பெயரைச் சொன்னார். நான் கட்டை எடுத்துக் கொடுத்தேன். மெலிந்து போன கட்டு. அதற்குள் ஊரில் இருக்கும் தகப்பனின் அட்டையும் அவருடையதும் மட்டும்தான். இயக்கத்துக்குப் போன மகனின் அட்டை என்று ஒன்று அந்தப் பெட்டியில் எப்போதும் இருந்ததில்லை. அவன் கொழும்புக்கே வந்ததில்லை.

"எல்லாம் இருக்கோ, பிள்ளை?"

"உங்கடது எல்லாம் இருக்கு, அன்ரி."

அவர் வளையத்தைக் கழற்றிப் பார்க்கவில்லை. "அப்ப காணும்" என்று பிளாஸ்டிக் பைக்குள் வைத்தார்.

அது என்ன குளிசை என்று மகள் அவருக்கு எப்போதாவது சொன்னாளா, எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.